தட்டு என் வரிசைக்கு வந்தபோது

ஸ்டீபா,

"கர்த்தருடைய கிருபையால் இங்கே அனைவரும் சுகம்" என்று வழக்கம்போலத்தான் எழுதத் தொடங்கினேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த உன் அம்மா, "ஆமா, சுகந்தான். ஊட்டுக்கும் கோயிலுக்கும் நடந்து நடந்து செருப்புத் தேயுது, சுகமில்லாம வேற என்னங்க?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். நான் சுகமாக இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்பது மறந்துவிடுகிறது. பிரசங்கம் தயாரிக்க வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலில் ஈ மொய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நீ போனில் கேட்ட அந்தக் கேள்வியால் வந்தது. "நீங்க தலைய ஆட்டுனது யாருக்காகப்பா?" என்று கேட்டாய். "உனக்காகத்தான்டா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆயுசு முழுக்கப் பிரசங்கம் செய்தவன் நான். சட்டென்று வாயில் வந்து விழும் பதிலை நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

நீ அறிந்ததே என்றாலும், அன்றைக்கு நடந்ததை என் நாற்காலியிலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அயோத்தியாப்பட்டணத்தில் நீ கட்டியிருக்கும் புது வீட்டைப் பார்க்க வந்திருந்தோம். நாமக்கல்லில் என் ஆலயத்தை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு போதகர் பார்த்துக்கொண்டார். காலையில் நீ தயங்கித் தயங்கி, "எங்க சபைக்கு வாரீங்களாப்பா?" என்றாய். வந்தேன். டைல்ஸ் கடை மாடியில் ஒரு ஹால், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மூலையில் டிரம்ஸ். அங்கி இல்லாமல், வெள்ளைச் சட்டையோடு, யாரோ ஒருவனாக நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருடைய முதுகையும் பார்த்து உட்காருவது எனக்குப் புதிது. இத்தனை வருஷமும் முகங்களைத்தான் பார்த்திருக்கிறேன். பாட்டு நன்றாகவே இருந்தது. உன் பாஸ்டர் சின்ன வயசுக்காரர். சத்தம் கொஞ்சம் கூடுதல், ஆனால் மனசு சுத்தம் என்று பட்டது.

அப்புறம் அப்பம் பிட்கும் நேரம் வந்தது. உன் பாஸ்டர் மைக்கில், "முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த விசுவாசிங்க மட்டும் பங்கு பெறலாம், மத்தவங்க தப்பா நெனைக்காம ஜெபத்தோட உக்காந்திருங்க" என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் வந்தது யார் என்று பார்த்தால் நீ. உன் சபையில் உனக்கு அப்படி ஒரு பொறுப்பு இருப்பது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். வரிசை வரிசையாக வந்தாய். எனக்கு முந்தின வரிசையில் உன் கை நடுங்கி, சின்னக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. நீ என் பக்கம் திரும்புவதற்குள் நான் கைகளைக் கட்டிக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். நீ ஒரு கணம் நின்றாய். பிறகு அடுத்தவரிடம் போனாய். மத்தியானம் எஸ்தர் போட்ட பிரியாணியை இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் தின்றோம். பாவம், உன் பெண்டாட்டி உப்புக் குறைந்துவிட்டதோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது உன் அம்மாவிடம், "என் பிள்ளை கையாலேயே என்னைத் தாண்டிப் போக வேண்டி வந்ததே" என்று புலம்பினேன். அவள் நிதானமாக, "நான் எடுத்துக்கிட்டனுங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன எடுத்துக்கிட்டே?" "அப்பம், திராட்சரசம், ரெண்டுந்தான். பொம்பளைங்க பக்கம் தட்டு வந்துச்சு, எடுத்துக்கிட்டேன். யாரு என்னையக் கேட்டா?" "பாஸ்டர் சொன்னது காதில் விழலையா?" "விழுந்துச்சு. அவரு பாவம், அவரோட சட்டத்தச் சொன்னாரு. கர்த்தருடைய பந்தின்னும் அவருதான சொன்னாரு? கர்த்தரு கூப்புட்டாரு, நான் போனேன். நடுவுல அவரு ஆரு, நீங்க ஆரு?" சொல்லிவிட்டு, ராசிபுரம் வரும் முன்பே தூங்கியும்விட்டாள். திருட்டுத்தனமாகத் திருவிருந்து எடுத்த ஒரு போதகர் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மட்டும் விழித்திருந்தேன். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

எனக்கு இருந்த கோபத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு மோகனூரில் காவிரியில் இறங்கி நீ முழுக்கு எடுத்ததை எனக்கு நீ சொல்லவில்லை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சொன்னது. இடுப்பளவு தண்ணீரில், நனைந்த வெள்ளைச் சட்டையில், நீ சிரித்துக்கொண்டு நின்றாய். நல்ல சிரிப்பு. அதுதான் என்னை அதிகம் சுட்டது. மூன்று மாதக் குழந்தையாக உன்னை ஏந்தி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் உன் உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றியது இந்தக் கை. நீ வீல் என்று கத்தினாய். சபை முழுக்கச் சிரித்தது. அந்தத் தண்ணீர் கணக்கில் சேராது, ஆற்றுத் தண்ணீர்தான் சேரும் என்று யாரோ உனக்குச் சொல்ல, நீயும் ஆமென் போட்டுவிட்டாய். என் பிள்ளை என்னிடமிருந்து பெற்றதில் ஆகப் பெரிது என்று நான் நினைத்திருந்ததைச் செல்லாக்காசு என்று அவன் நினைக்கிறான். அப்பனுக்கு வலிக்காதா? வலித்தது. இன்னமும் வலிக்கிறது.

ஆனால் கோபம் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. எங்கள் ஆலயத்தை ஒட்டிக் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பழனிசாமியை உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முட்டை அட்டையோடு வந்து நிற்பாரே, போதகரை ஊர் வழக்கப்படி ஐயர் என்று கூப்பிடுபவர், அவர்தான். ஒரு நாள் வேலியோரம் நின்று, "ஏனுங்க ஐயரே, உங்க பையன் வேற கோயிலுக்குப் போறானாமா?" என்றார். ஆமாம் என்றேன். நாங்கள் மெதடிஸ்ட், எஸ்தர் வீட்டார் பெந்தெகொஸ்தே மாதிரி ஒரு தனிச்சபை என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அப்ப உங்களுக்குள்ளயும் எங்களாட்டமாக் கூட்டமுங்களா?" என்றார். கொங்குக் கவுண்டர்களுக்கு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குலசாமி, ஒரு கோயில். ஒரே கூட்டத்துக்குள் எல்லோரும் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்கமாட்டார்கள். "ஏறக்குறைய அப்படித்தான்" என்று சும்மா சொல்லி வைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பத் தம்பி சரியாத்தானுங்க செஞ்சிருக்கறாப்ல. சொந்தக் கூட்டத்துல எடுத்தா அல்ல தப்பு? வேற கூட்டத்துல பொண்ணு எடுத்திருக்கறாப்ல!" நாம் நம் சபைக்குள்ளேயே பெண் தேடி அலைகிற ஆட்கள் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? விட்டுவிட்டேன். அவரும் எஸ்தருக்கு என்று சொல்லி ஒரு அட்டை முட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு என்னை நானே கேட்டுக்கொண்டேன்: நாம் எப்படி மெதடிஸ்ட் ஆனோம்? நம் பாட்டன் வேதசாஸ்திரம் படித்துத் தேர்ந்தெடுத்தாரா? அதெல்லாம் இல்லை. அந்தக் காலத்தில் மிஷன்கள் அண்ணன் தம்பி நிலத்தைப் பாகம் பிரிப்பதுபோல ஊர்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. இந்த வரப்பு வரைக்கும் உங்களுக்கு, அதற்கு அப்பால் எங்களுக்கு. நம் ஊர் வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். ஒரு மைல் தள்ளிப் பிறந்திருந்தால் நான் வேறு ஏதோ அங்கி போட்டிருப்பேன், அதற்காகவும் இதே ரோஷத்தோடு வாதாடியிருப்பேன். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் ஒரு போதகனுக்கு வரக்கூடாத யோசனை இது.

அப்படியானால் மெதடிஸ்ட் என்று எனக்குள் என்னதான் இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் இரண்டுதான் மிஞ்சுகிறது. ஒன்று, மூட்டை கட்டுவது. வருஷாந்தரக் கான்பரன்ஸின் கடைசி நாளில் பேராயர் போதகர்களின் நியமனங்களை வாசிப்பார். பெயருக்கு எதிரே எந்த ஊர் வருகிறதோ அந்த ஊருக்குக் கேள்வி கேட்காமல் கிளம்ப வேண்டும். நீ சின்னப் பிள்ளையில் ஒவ்வொரு புது ஊரிலும் லாரியிலிருந்து இறங்கியதும், "இந்த ஊடு ஆருதுப்பா?" என்று கேட்பாய். "சபையோடது சாமி" என்பேன். "நம்முளுது எங்க?" என்பாய். "மேலே" என்று வானத்தைக் காட்டுவேன். நல்ல பதில் என்று நினைத்துக்கொள்வேன். உனக்கு அது பதிலே இல்லை என்பதை, உன் வீட்டுக் கேட்டில் உன் பெயரைப் பளிங்கில் பதித்து வைத்திருந்ததைப் பார்த்தபோது புரிந்துகொண்டேன். ஒரு இடத்தில் வேர் பிடிக்க ஆசைப்பட்டுத்தான் அந்த மாடி ஹாலிலும் நீ வேர் பிடித்தாயோ என்னவோ. யாரும் உன்னை அங்கிருந்து மாற்ற மாட்டார்கள்.

இன்னொன்று, திறந்த பந்தி: எந்தச் சபைக்காரர் வந்தாலும் திருவிருந்தில் இடம் உண்டு. தம்மம்பட்டியில் நாம் இருந்தது உனக்கு நினைவிருக்குமா? உனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். திருவிருந்து ஆராதனையில் பெரியவர்களுக்கு நடுவே நுழைந்து, பீடத்துக்கு முன்னுள்ள தடுப்புக் கம்பியோரம் நீயும் முழங்காலிட்டு இரண்டு கையையும் ஏந்தி நின்றாய். உயரம் பற்றாமல் கம்பிக்கு அடியில் கையை நீட்டியிருந்தாய். ஸ்டூவர்ட் பொறுப்பில் உதவிக்கு நின்ற பெரியவர் குனிந்து உன்னை விலக்கப் பார்த்தார். வயது வந்து திடப்படுத்தல் பெறும் வரை பிள்ளைகளுக்குப் பந்தி கிடையாது, சட்டப்படி அவர் செய்தது சரி. நீ கையை எடுக்கவில்லை. "எனக்கும் பசிக்குதுங்க" என்றாய். நான் உன் கையில் அப்பத்தை வைத்தேன். அன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் பெரிய பஞ்சாயத்து. "ஐயரு ஊட்டுப் புள்ளைக்கு ஒரு சட்டம், எங்க புள்ளைகளுக்கு ஒரு சட்டமா?" என்றார்கள். "உங்கள் பிள்ளைகளும் கை நீட்டினால் கொடுப்பேன்" என்றேன். அடுத்த மாதம் பார்த்தால் ஊர்ப்பட்ட பொடிசுகள் கம்பிக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றன. அப்பம் பற்றாமல் உன் அம்மா உள்ளே ஓடிப்போய்த் தோசைக்கல்லில் ஒரு ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். என் ஊழியத்தில் நான் சந்தோஷமாக இருந்த நாட்களில் அது ஒன்று.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்று நீ நினைக்கலாம். "நான் உனக்குக் கொடுத்தேன், நீ எனக்குக் கொடுக்கவில்லை" என்று குத்திக்காட்டத்தான் முதலில் நினைத்தேன். எழுதும்போதுதான் கை நின்றுவிட்டது. நீ கொடுக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் நீ வரும் முன்பே தலையை ஆட்டிவிட்டேனே. நீ தட்டை நீட்டியிருக்கலாம். உன் பாஸ்டரின் சட்டத்தை மீறி, பொறுப்புப் போனாலும் போகட்டும் என்று நீட்டியிருக்கலாம். கை நடுங்கியது எதற்காக? தாண்டிப் போக வேண்டுமே என்றா, கொடுக்கப் போகிறோமே என்றா? உன் அம்மாவிடம் கேட்டேன். "அவன் குடுத்திருப்பான். நீங்கதான் குடுக்க உடலை" என்றாள். உன்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றினேன் என்று நான் நினைத்தது ஒரு பக்கம் உண்மைதான். ஆனால் பெற்ற பிள்ளை எனக்கு இல்லை என்று சொல்வதைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் நானே முந்திக்கொண்டேன் என்பதும் உண்மை. யாருக்காகத் தலையை ஆட்டினேன் என்று கேட்டாயே, எனக்காகத்தான்டா.

உனக்கு நான் அதிகம் புத்தி சொன்னதில்லை; ஞாயிற்றுக்கிழமை சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன். இப்போது ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்தவர் சொல்ல வேண்டிய பதிலை அவருக்குப் பதிலாக நீ சொல்லிக்கொள்ளாதே. எஸ்தரிடமும் சரி, நாளைக்கு வளர்ந்து நிற்கப் போகும் உன் மகள் ரூத்திடமும் சரி. "அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள்" என்று நீயாக முடிவு செய்துகொண்டு கேட்காமல் இருந்துவிடாதே. ரூத்துக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கட்டுமா என்று எஸ்தரிடம் நான் கேட்கவே இல்லை, அவள் மறுப்பாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த ஞாயிறு மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவளாகவே, "மாமா, நீங்க ஒரு தடவ கூடக் கேக்கலைங்களே" என்றாள். கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்கும் துணிச்சலும் அப்போது எனக்கு வரவில்லை. "உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்த லட்சணத்தில்தான் ஒரு போதகன் இருக்கிறான்.

வரும் கான்பரன்ஸில் பேராயர் என் பெயரை வாசிக்கும்போது எதிரே ஊர் இருக்காது. ஓய்வு என்று இருக்கும். ஓய்வு பெற்ற போதகன் கடைசியாக ஊழியம் செய்த சபையிலேயே உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்பது நம்மிடம் எழுதாத வழக்கம். புதிதாக வருபவருக்கு அது தொந்தரவு. நல்ல வழக்கந்தான், நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். உன் வீட்டு மாடியறையை எங்களுக்கென்று கட்டியிருக்கிறாய். வருகிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை, ஸ்டீபா. அயோத்தியாப்பட்டணத்தில் நம் சபை கிடையாது. சேலத்துக்குள் பஸ் பிடித்துப் போகலாம். உன் ஹாலுக்கும் வரலாம். உன் அம்மா ஏற்கெனவே, "நான் புள்ளைகூடப் போவேன். அங்க எனக்குத் தட்டு வரும்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு இன்னும் ஒன்றும் தீரவில்லை. மெதடிஸ்டாகவே சாகவேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அந்த வரப்பை யார் போட்டார்கள் என்று மறுநாள் தோன்றுகிறது.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு இருக்கிறது. இந்த ஆலயத்தில் நான் நடத்தும் கடைசித் திருவிருந்து. நீங்கள் மூவரும் வர வேண்டும். எங்கள் ஸ்டூவர்ட் தங்கராஜிடம், அன்று என் மகன் தட்டு எடுப்பான் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அதெப்படிங்க ஐயா, தம்பி வேற சபையில சேந்துட்டாருங்களே? நம்ம மெம்பரே இல்லீங்களே?" பார்த்தாயா, பந்தியைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று நான் பெருமையடித்த சபையின் லட்சணத்தை. உன் மாடி ஹாலிலும் ஒரு சட்டம், இங்கேயும் ஒரு சட்டம். எனக்கு வந்ததே கோபம். "கர்த்தருடைய பந்தி என்று மாதா மாதம் யார் சொல்கிறார்கள், நானா நீங்களா? கர்த்தர் கூப்பிடுகிறார், அவன் வருகிறான். நடுவில் நீங்கள் யார், நான் யார்?" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்த பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தங்கராஜ் கடைசியில், "உங்க இஷ்டமுங்க" என்று போய்விட்டார். அவருக்கு மனசில்லை, வருத்தம்தான். அவரிடம் நான் மறுபடி பேசவேண்டும்.

உன் அம்மா வழக்கம்போலத் திருவிருந்து ரசத்துக்குப் பன்னீர் திராட்சையை வேகவைத்து வேட்டித் துணியில் வடிகட்டி வைப்பாள். பண்ணை ஈக்கள் விழாமல் தட்டுக்கு மேல் அந்தப் பழைய வலைத்துணியைப் போட்டிருப்போம், நீ எடுத்துவிட்டுத் தூக்க வேண்டும். நம் முறைப்படி போதகன் முதலில் தானே எடுத்துக்கொண்டு பிறகுதான் சபைக்குக் கொடுப்பான். இத்தனை காலமும் என் கையாலேயே எடுத்துக்கொண்டேன். ஊரில் உள்ள எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன், எனக்கு யாரும் கொடுத்ததில்லை. அன்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு அங்கியோடு இறங்கி வந்து, கம்பிக்கு வெளிப்பக்கம் சனங்களோடு முழங்காலிடுவேன். நீ தட்டோடு என் முன்னால் வருவாய்.

உன் சபையின் ஒழுங்கு உன்னைத் தடுத்தால், தாண்டிப் போ. நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். சத்தியமாக எஸ்தரை இங்கேயே பிரியாணி போடச் சொல்லி அன்றும் தின்பேன், இந்தத் தடவை பேசிக்கொண்டே தின்பேன். ஆனால் அந்தப் பதில் உன்னுடையதாக இருக்கட்டும். நான் தலையை ஆட்டமாட்டேன். இரண்டு கையையும் நீட்டியே வைத்திருப்பேன், எனக்கும் பசிக்கிறது.

உன் அப்பா